நிசாந் வீட்டு நத்தார் கேக்

எங்கள் பேக்கரியில் வருடத்தில் நான்கு நாட்கள் பாணுக்கு இரண்டாம் இடம்தான். டிசம்பர் இருபதாம் திகதி தொடங்கி இருபத்துமூன்று வரை, பின்னேரப் பாணை இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சுகிற சூடு முழுவதும் எங்கள் ஒழுங்கை வேதக்காரருக்கு, அதுதான் கிறிஸ்தவர்களுக்கு, உரியது. விறகு எரிக்கிற செங்கல் போறணை அது, என் வாப்பா கட்டியது. இந்தப் பழக்கமும் அவர் தொடங்கியதுதான். வீட்டில் கரண்டு ஓவன் வைத்திருக்கிறவர்கள்கூட நத்தார் கேக்கை இங்கேதான் கொண்டு வருவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. வெளியே காட்டுவதில்லை. "இஞ்ச என்ன மீன் சந்தையா? ஒரு ஆள் ஒரு ஆளா வாங்க" என்று நான்கு நாளும் கத்திக்கொண்டே இருப்பேன். கலீல் நானா கத்தாவிட்டால் நத்தார் வந்தது போல இல்லை என்று பெண்கள் சிரிப்பார்கள்.

ஒரு வருடம் ட்றேக்கள் மாறிப்போய்ப் பெரிய சண்டை வந்தது. அன்றிலிருந்து நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். சின்னதாக மட்டை வெட்டி, அதில் வீட்டுக்காரர் பெயரை எழுதி, ஈர்க்கில் குத்திக் கேக் மாவின் ஓரத்தில் நட்டுவிடுவேன். மட்டை ஓரம் கருகும், பெயர் தெரியும். வீட்டில் ஆண் உயிரோடு இருந்தால் அவர் பெயர், இல்லாவிட்டால் பெண்ணின் பெயர். இருந்து யோசித்துப் போட்ட சட்டமில்லை இது. குடும்ப அட்டையில் எழுதுகிற மாதிரி அதுவாகவே வந்துவிட்டது.

அந்த மட்டையில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் பிரியதர்சினியை முதலில் சொல்ல வேண்டும்.

அவள் வெருகல் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் கதிராமன் வயல்காரர். முருகன் கோயிலில் கொடி ஏறினால் இறங்கும்வரை வீட்டில் மச்ச மாமிசம் சமைக்காத சைவக் குடும்பம். எங்கள் ஒழுங்கை வேதக்காரப் பொடியன் நிசாந் ஒரு பருவம் வெருகல் ஆற்று வாயில் இறால் பிடிக்கப் போனான். போனவன் இறாலோடு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். கதிராமன் இரண்டு வருடம் மகளோடு கதைக்கவில்லை. பேத்தி லக்சனா பிறந்த பிறகு ஒரு மூட்டை நெல்லோடு வந்து, ஒன்றும் நடக்காதது போலக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டாராம். நிசாந்தே என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கலியாணம் முடித்து வந்த முதல் நத்தாருக்கே அவள் ஒரு ட்றேயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொங்கலும் மோதகமும் அவித்துப் பழகிய பிள்ளை. பழைய பேப்பர் ஒன்றிலிருந்து வெட்டிய குறிப்பைப் பார்த்துச் செய்திருக்கிறாள். ரவையை வறுக்கவுமில்லை, பட்டரில் ஊறவிடவுமில்லை. போறணையிலிருந்து இழுத்து மேசையில் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

"மகள், இது கேக்கா, துறைமுகத்துக்கு அலை தடுக்கப் போடுற கல்லா?"

கடை முழுவதும் சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போனது. வாய்க்கொழுப்பெடுத்துச் சொன்னதற்கு இரவு சுபைதாவிடம் ஏச்சும் வாங்கினேன். சுபைதா என் மனைவி, என் வாய்க்கு வேலி. ஆனால் மறுநாள் பின்னேரம் அதே பிள்ளை அதே ட்றேயில் புது மாவோடு வந்து வரிசையில் நின்றாள். தோற்றால் அழுகிற ஆளில்லை, திரும்ப வருகிற ஆள் என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் ஒழுங்கையிலேயே நல்ல கேக் அவளுடையதுதான். கேக்குக்குப் போடுகிற பூசணித் தோசியும் இஞ்சிப்பாகும் அவளே சீனியில் காய்ச்சுவாள். பெரிய ட்றேயோடு எப்போதும் ஒரு சின்னத் தகரமும் வரும். "இது உங்கட, நானா. பிரண்டி ஒரு சொட்டும் இல்ல. கலக்கின கரண்டியும் வேற" என்பாள். அதைச் சாப்பிட்டுவிட்டு, சீனி கூடிப்போயிற்று என்று நான் ஒவ்வொரு வருடமும் குறை சொல்வேன். தகரம் கழுவினது போலக் காலியாகத் திரும்பிப் போகும்.

அவள் வீட்டுச் சோடினையைப் பார்க்க ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் போவார்கள். கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் இருக்காது. கடற்கரைச் சவுக்கு மரத்தில் ஒரு கொப்பு வெட்டிப் பெயின்ற் வாளிக்குள் மணல் போட்டு நடுவார்கள். பால்மாப் பைக்கற்றைக் கழுவி, உள்பக்கத்து வெள்ளியை நட்சத்திரமாக வெட்டுவாள். கேக்குக்கு உடைக்கிற முட்டையில் ஊசித்துளை போட்டு ஊதி எடுத்து, வெறுங்கோதில் கண்ணும் மூக்கும் கீறுவாள். நிசாந் அதையெல்லாம் தங்கூசியில் கட்டித் தொங்கவிடுவான். மீன் பிடிக்கிற தங்கூசி என்றபடியால் நூல் கண்ணுக்குத் தெரியாது, கோதுகள் காற்றில் தானாக நிற்கும். பாலன் குடிலுக்கு வைக்கோல் வெருகலிலிருந்து வரும். பனி என்றால் என்னவென்று லக்சனா கேட்டதற்கு, மீனுக்கு ஐஸ் போடுகிற பெட்டியைத் திறந்து அவள் கையை உள்ளே வைத்துக் காட்டியவன் அவன். வாசலில் மூங்கில் பிளந்து கட்டிய நட்சத்திரக் கூடு, ஆள் உயரத்தில். கடலுக்குப் போய் வருகிற நேரத்தில் தன் வீடு எது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறானாம். புளுகு. கடலிலிருந்து எங்கள் ஒழுங்கை தெரியவே தெரியாது.

போன செப்டெம்பரில் ஒரு நாள் விடியப்புறம் நிசாந் கடலுக்குப் போனான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று தனியே போனான். மத்தியானம் ஆளில்லை. பொழுதுபட்டும் ஆளில்லை. மூன்றாம் நாள் புல்மோட்டைப் பக்கம் கரைவலை இழுத்தவர்கள் அவனுடைய மீன்பிடி போட்டைக் கவிழ்ந்தபடி கண்டுபிடித்தார்கள். இன்ஜின் இருந்தது, ஆள் இல்லை. ஐந்து நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அந்த முதல் கிழமை பிரியதர்சினி ஒரு வாய் சோறு தொடவில்லை. லக்சனாவுக்கு அடுத்துப் பிறந்த கைக்குழந்தை பாலில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. சுபைதா கஞ்சி காய்ச்சிக் கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். ஏதாவது சொல்லி அந்தப் பிள்ளையைச் சாப்பிட வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

"மகள், வெளியில எத்தின கப்பல் நங்கூரம் போட்டு நிக்கிது. எவனாவது ஏத்தியிருப்பான். அடுத்த துறைமுகத்துல கொண்டுபோய் இறக்கினா ஆள் தானா வந்து சேருவார். இப்ப நீங்க குடிங்க."

குடித்தாள். நானும் பெரிய காரியம் செய்த நினைப்பில் வீட்டுக்கு வந்தேன். ஆறு வயது லக்சனா கதவடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து தாயும் மகளும் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா எப்போது வருவார் என்று பிள்ளை அரித்தெடுத்ததில், நத்தாருக்கு வந்துவிடுவார் என்று தாய் சொல்லிவிட்டாள்.

நிசாந்தின் அக்கா ராசமலர் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். தாயில்லாப் பிள்ளையான அவனை வளர்த்தவள். முப்பத்தோராம் நாளுக்குத் தம்பியின் ஆத்துமாவுக்காக வேதக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று வந்து கேட்டாள். பிரியதர்சினி விடவில்லை.

"ஆளைக் காணயில்ல எண்டுதான் பொலிசில எழுதிக் கிடக்கு, மச்சாள். செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் எழுதயில்ல. நீங்கள் ஏன் அவரைச் சாக்காட்டுறீங்கள்?"

ராசமலர் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசல் படலையைத் திறக்கவில்லை.

இந்த ஊரில் வேதக்காரரென்றாலும் சைவக்காரரென்றாலும் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பெருநாள் பலகாரம் சுட மாட்டார்கள். அயலவர்கள்தான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டும் வெளியே போகாது, ஒருவரும் வாங்கவும் மாட்டார்கள். ஆகவே டிசம்பர் பிறந்ததும் ஒழுங்கை முழுவதும் ஒரே கதைதான். நிசாந் வீட்டுக்குத் தட்டுக் கொண்டு போவதா, விடுவதா? கொண்டு போனால் அவன் செத்தான் என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்வதாகும். போகாவிட்டால் துக்க வீட்டைப் பட்டினி போட்ட பழி. பிரியதர்சினிக்கும் இந்தக் கதை காதில் விழாமலா இருந்திருக்கும்? நட்சத்திரக் கூட்டைத் தானே ஏணி வைத்து ஏறிக் கட்டினாள். தட்டு வந்துவிடக் கூடாது என்பதற்கு அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. தானே கேக் சுட வேண்டும்.

இருபத்திரண்டாம் திகதி நல்ல மழை. பெண்கள் ட்றேக்களைப் பொலித்தீனால் மூடிக்கொண்டு கடைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். நான் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கத்தல் மட்டும் தனியாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பிரியதர்சினி. இடுப்பில் குழந்தை, கையில் பெரிய ட்றே, அதன் மேல் எங்கள் சின்னத் தகரம். லக்சனா தன் உயரத்துக்குக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முழுக்க நனைந்திருந்தது.

"வாங்க மகள், வாங்க" என்று ட்றேயை வாங்கி மேசையில் வைத்தேன். மட்டையும் பேனையும் எடுத்தேன். அந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. நிசாந் என்று எழுதினால் அந்தப் பெயரைப் பார்த்து இந்தப் பிள்ளை உடைந்துபோகும், இத்தனை பேருக்கு முன்னால் அழ வைக்கக் கூடாது என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்போடு, வடிவான எழுத்தில், 'பிரியதர்சினி வீடு' என்று எழுதி நட்டேன். பக்கத்திலிருந்தது நல்லம்மாவின் ட்றே. நல்லம்மா புருசனை அடக்கம் பண்ணிப் பத்து வருடம். ஒழுங்கையில் பெண் பெயர் போட்ட ட்றே அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

லக்சனா மேசை விளிம்பைப் பிடித்துக் நுனிக்காலில் எம்பி, எழுத்துக் கூட்டி வாசித்தது.

"அம்மா! உங்கட பேர் போட்டிருக்கு!"

பிள்ளைக்குச் சந்தோசம். பிரியதர்சினி குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்து ட்றேயைப் பார்த்தாள். பிறகு மற்ற ட்றேக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நானா, இது பிழை."

"என்ன மகள்?"

"எங்கட வீட்டுக்கு அவரின்ர பேர்தான் எழுதுறனீங்கள்."

நட்ட மட்டையைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

"அவர் வந்து, என்ர பேர் எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள், நானா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டாள். மட்டையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். புது மட்டையில் 'நிசாந் வீடு' என்று எழுதினேன். எழுத்துக் கோணிப்போயிற்று. அவள் அதை வாங்கிப் பார்த்து, தானே மாவில் நட்டாள்.

அந்தக் கேக் நன்றாக வெந்தது. இவ்வளவு காலத்தில் அவள் சுட்டதில் அதுதான் திறம் என்று சொல்வேன். என் சூட்டுக் கணக்கு அன்றைக்கு ஒரு இம்மியும் பிசகவில்லை. பேக்கரிக்காரனால் வேறென்ன செய்ய முடியும்?

இருபத்துநாலாம் திகதி காலை பாண் ஓட்டோக்காரன் வரவில்லை. நானே சைக்கிளில் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை வீடுகளுக்குப் போனேன். பிரியதர்சினியும் அதே நேரம் தட்டோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். துண்டு துண்டாக வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கிய கேக். வாங்கினார்கள். வழக்கத்தை மீறித்தான் வாங்கினார்கள். இந்தத் துண்டை வாங்காமல் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? சிலர் அவள் திரும்பியதும் கண்ணைத் துடைத்தார்கள். தொட்டுச் சாப்பிட்டார்களோ தெரியாது.

ராசமலர் வீட்டுப் படலையில் நான் பாண் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது அவள் அங்கும் வந்தாள்.

"மச்சாள், நத்தார் கேக்."

ராசமலர் கை நீட்டவில்லை. "செத்த வீட்டில இருந்து பலகாரம் வாங்கிறேல்ல."

"எங்கட வீடு செத்த வீடில்ல."

அந்த மனிசி சண்டைக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா செத்த அண்டைக்கு அவனுக்கு நாலு வயசு. நான் இடுப்பில வைச்சுத் தூக்கித் திரிஞ்சனான். வருவான் எண்டு நீ சொல்லுறாய். வரட்டும். வந்தா நான் மடு மாதா கோயிலுக்கு முழங்காலில போறன். வராட்டி என்ன பிள்ள செய்யிறது? ஒரு மெழுகுதிரி கொழுத்தயில்ல. ஒரு பூசைக்குப் பேர் குடுக்கயில்ல. வீட்டில இருந்து அழுதா உன்ர காதில விழும் எண்டு கிணத்தடிக்குப் போறனான். வாளியைத் தண்ணிக்குள்ள போட்டு அந்தச் சத்தத்தில அழுறனான். மூண்டு மாசம். உனக்குக் கும்பிட்டன், என்ர தம்பிக்காக என்னை அழ விடு."

பிரியதர்சினி தட்டோடு நின்றாள். மழை தட்டில் விழுந்து எண்ணெய்த் தாள்கள் நனைந்தன. பிறகு திரும்பி நடந்தாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். வீட்டுக்குப் போவாள் என்று பார்த்தால் எங்கள் பேக்கரிக்குள் ஏறி, மா மூட்டைகளுக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்தாள். சுபைதா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "மச்சாள் கிணத்தடியில போய் அழுறவவாம், நானா."

"ஓம் மகள்."

"அந்தத் தண்ணிச் சத்தம் எனக்கு ஒவ்வொரு நாளும் கேக்கிறது. இந்த மழைக்கும் ஏன் இவ்வளவு தண்ணி அள்ளுறா எண்டு நினைச்சனான்."

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் கப்பல் எண்டு சொன்னீங்கள். உண்மையா நினைச்சுத்தான் சொன்னீங்களோ?"

சுபைதா என் முகத்தைப் பார்த்தாள். இன்னுமொரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் கிழித்துப் போட்ட மட்டை இரண்டு நாளாக என் நெஞ்சுக்குள் கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

"இல்ல மகள். நீங்க சாப்பிடாமக் கிடந்தீங்க. அதுக்காகச் சொன்ன கதை."

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியும். போட்டைப் பாத்த அண்டைக்கே தெரியும். நீங்கள் சொன்னது கேக்க நல்லா இருந்தது, அதுதான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன். இப்ப எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்ல."

அவள் எழுந்தாள். தட்டை மேசையில் வைத்தாள்.

"நானா, மச்சாளிட்டப் போய்ச் சொல்லுங்கோ. பூசைக்குப் பேர் குடுக்கட்டும். எங்கட வீட்டுக்கு ஒரு தட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். அந்தத் தட்டு வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிள்ளை இத்தனையும் செய்தாள் என்பது எனக்குத் தெரியும். இப்போது அவளே வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். சுபைதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மா மூட்டையை ஓங்கி ஒரு உதை விட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் போய்ச் சொல்ல, பின்னேரம் ராசமலர் முன்னே போனாள், தட்டில் கேக்கும் கொக்கீஸ் பலகாரமும். அவளுக்குப் பின்னால் நல்லம்மா, பிறகு ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக. சுபைதா தேங்காய்ப்பாலில் வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டாள். எல்லாருக்கும் இந்த மூன்று மாதமும் அந்தப் படலையைத் தாண்டக் கால் துடித்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ராசமலர் தட்டை மேசையில் வைத்தாள். பிரியதர்சினி எழுந்து வந்து இரண்டு கையாலும் அதைத் தொட்டாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வைத்த ஒப்பாரி ஒழுங்கை முனைவரைக்கும் கேட்டது. செப்டெம்பரில் அழ வேண்டிய வீடு நத்தாருக்கு முதல் நாள் அழுதது. நல்லது என்று நினைத்தேன். அல்லாஹ்வே, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

ஆண்கள் வெளியே தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். உள்ளிருந்து லக்சனா வெளியே ஓடி வந்தது. நத்தாருக்குத் தைத்த புதுச் சட்டையை எங்கிருந்தோ எடுத்துத் தானாகவே போட்டிருந்தது, பின்பக்கத்துப் பொத்தான்கள் பூட்டப்படவில்லை. இவ்வளவு தட்டுகளை அந்த வீட்டில் அது கண்டதில்லை. கோபித்துக்கொண்டு போன ராசமலர் மாமி வந்திருக்கிறாள். ஊரே வந்திருக்கிறது. அம்மா மாமியைக் கட்டிப்பிடித்துக் கத்துகிறாள். அந்தப் பிள்ளை நின்றவர்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தது.

"கலீல் மாமா, அப்பா வந்திட்டாரோ?"

நிசாந்தின் கூட்டாளி, அன்று காய்ச்சல் என்று கடலுக்குப் போகாதவன், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் குந்தி உட்கார்ந்தேன். அதன் சட்டைப் பொத்தான்களைப் பூட்டினேன். மூன்று பொத்தான்தான். அதற்கு மேல் பூட்ட ஒன்றும் இருக்கவில்லை.

"இல்ல மகள். அப்பா வரல்ல. அப்பா கடல்ல இறந்துபோனார். இனி வர மாட்டார்."

"கப்பலில வருவார் எண்டு நீங்கள்தானே அம்மாட்டச் சொன்னீங்கள்?"

"ஓம் மகள். கப்பல் ஒண்டும் இல்ல. மாமா சொன்னது பொய்."

பிள்ளை அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏன் மாமா பொய் சொன்னீங்கள்?"

உன் அம்மாவைக் கஞ்சி குடிக்க வைக்க என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா? அதன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அதன் தாயிடம் கூட்டிப் போனேன்.